பேர் சொல்லாத காரியம்

இதை எனக்கு முதலில் சொன்னது வயலட் அக்கா. போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, கோயில் வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது. பின்னாலிருந்து தோளைத் தொட்டு, "கிருபை, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம், உன் மவனுக்கு விசா வந்துட்டாமே, இனி அவன் நியூசிலாந்துக்காரன்தான் போ" என்றாள். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் மணலுமாக நான் நின்றேன், ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர். ஸ்தோத்திரம் என்று நானும் சொன்னேன். வேறு என்ன சொல்ல. யாராவது ஸ்தோத்திரம் என்றால் ஸ்தோத்திரம் என்று திருப்பிச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த வாய். அந்த மணல் இன்னும் உள்ளங்காலில் நெறுநெறு என்கிறது. இப்போது உட்கார்ந்திருக்கிற இந்தத் தியேட்டரில் தரைக்குக் கம்பளம் போட்டிருக்கிறார்கள், கால் புதைகிறது, ஆனாலும் நெறுநெறு. எதிரே திரையிலும் மணல்தான். உலகமே மணலாகப் போய்விட்டதாம், குடிக்கத் தண்ணீர் கிடையாதாம், மணல் புயலாக எழும்பி நேரே என் மூக்குக்கு நேராக வருகிறது, நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். "அம்மா, அது சும்மா, மேல படாது" என்று ரூபன் என் கையைப் பிடிக்கிறான். என் மகன். என் இடது பக்கம் அவன், அவனுக்கு அந்தப் பக்கம் ஷீபா, என் மருமகள். படம் பார்க்க வாசலில் தந்த இந்தக் கறுப்புக் கண்ணாடியை அவனே என் கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டான், காது மடலில் முடியை ஒதுக்கி, சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி. படம் தொடங்க விளக்கை அணைத்ததும் நான் பழக்கத்தில் முந்தானையை எடுத்து முக்காடு போட்டுக்கொண்டேன். ஷீபா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அத்தை, இது ஜெபக் கூட்டம் இல்ல, சினிமா." முக்காட்டை எடுத்துவிட்டேன். ஆனால் அப்போதிருந்தே உம்மோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டே. எங்க அப்பா சினிமாக் கொட்டகை இருக்கிற தெருவழியாகக்கூட எங்களைக் கூட்டிப்போக மாட்டார்கள். அந்த மனுஷனுடைய மகள் இங்கே உட்கார்ந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு, உம்மிடம் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வழக்குதான். நீரும் அதில் ஒரு ஆள்தான். மழைக்காலம் தொடங்கின சமயம், ஒரு நாள் சாயங்காலம் வீட்டு ஜெபம் முடிந்து எழும்பும்போது ரூபன் சொன்னான்: "அம்மா, ஒரு காரியம் இருக்கு. பேர் கேக்காம ஜெபம் பண்ணுங்க. வாய்ச்சதும் நானே சொல்லுதேன்." எங்கள் வழக்கம் உமக்குத் தெரியும். கூட்டத்தில் சிலபேர் கையை மட்டும் தூக்குவார்கள், வாயைத் திறக்க மாட்டார்கள். சொல்லாத விண்ணப்பம். அதை என்ன ஏது என்று தோண்டக்கூடாது. கேட்டால் வம்பு, கேளாமல் ஜெபித்தால் விசுவாசம் என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன், ஷீபாவின் முகத்தைப் பார்த்தேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவில் நான் ஒரு குழந்தையைப் பார்த்துவிட்டேன், ஆண்டவரே. கல்யாணமாகி மூன்று வருஷம், பெண்பிள்ளை தலையைக் குனிகிறது, இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வாள் ஒரு மாமியார்? அந்த வாரமே வெள்ளிக்கிழமை உபவாசம் தொடங்கினேன். சாயங்காலம்வரை தண்ணீர் மட்டும். வயிறு கூப்பிடும்போதெல்லாம், இந்தப் பசியை ஏற்றுக்கொண்டு என் மகன் மனசில் உள்ள காரியத்தை வாய்க்கப்பண்ணும், வாய்க்கப்பண்ணும் என்று முழங்காலில் நின்றேன். ரூபனுடைய அப்பா இறந்துபோய் ஆறு வருஷமாக அவர்களுடைய இரண்டு வேட்டி பீரோவின் அடித்தட்டில் கிடந்தது. அதை எடுத்து வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி, மறுபடி ஊறவைத்து, கன்னத்தில் வைத்தால் உறுத்தாத பதத்துக்குக் கொண்டுவந்து, பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று சதுரம் சதுரமாகக் கிழித்து ஓரம் அடித்து வைத்திருக்கிறேன். துணி கிழிகிற சத்தம் கேட்கக்கூடாது என்று இரண்டுபேரும் ஆபீஸ் போன நேரமாகப் பார்த்துக் கிழித்தேன். அவர்கள் என்னிடம் மறைக்கிறார்களாம், நான் அவர்களிடம் மறைக்கிறேனாம், ஒரே வீட்டில். நல்ல வேடிக்கை. நீர் மேலே இருந்து இரண்டையும் பார்த்தீர். நான் எதற்கென்று நினைத்து முழங்கால் போட்டேன் என்று உமக்குத் தெரியும், அவன் எதற்கென்று கேட்டான் என்றும் தெரியும். ஒரு வார்த்தை, ஒரு சொப்பனம், வேதத்தைத் திறந்தால் ஒரு வசனம், ஏதாவது ஒன்றில் எனக்கு ஜாடை காட்டியிருக்கலாம். வெள்ளிக்கு வெள்ளி என் வெறும் வயிற்றைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டீர். வயலட் அக்கா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள். ஷீபா போகிற வீட்டுக்கூட்டத்தில் எல்லாரும் இந்த விசாவுக்காக மன்றாடினார்களாம். "ரூபன் சொன்னாம்ட்டி, எங்க அம்மையும் இதுக்காக உபவாசம் இருக்காவன்னு. பெத்தவளே சந்தோசமா அனுப்புதாளேன்னு எங்களுக்கெல்லாம் கண்ணுல தண்ணி." அனுப்புகிறாளாம். சந்தோசமாக அனுப்புகிறாளாம்.

இப்போது திரையில் ஒரு கப்பல் எழும்புகிறது. கப்பல் என்றால் கப்பல் இல்லை, தாமரை மொட்டு மாதிரி ஒன்று, ஊர் அகலத்துக்கு. ஒவ்வொரு இதழாக விரிகிறது, ஒவ்வொரு இதழுக்குள்ளும் தெருவும் விளக்கும் மரமும். அது நம்முடைய தலைக்கு மேலே வந்து நிற்கிறது, அடிவயிற்றில் ஒரு முழக்கம், நாற்காலியே நடுங்குகிறது. அதிலிருந்து வெளிச்சப் பொட்டுகள் பஞ்சு மாதிரி உதிர்ந்து உதிர்ந்து மடிக்கு வருகின்றன, நான் என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கையை நீட்டியிருக்கிறார்கள், சொல்லாத விண்ணப்பத்துக்குத் தூக்குகிற மாதிரி, கொட்டகை நிறைய கைகள். எவ்வளவு அழகு. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். உம்முடைய வானத்தையே மனுஷன் மறுபடி செய்துவிட்டானோ என்று பயமாகவும் இருக்கிறது. பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள், வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை. "ஏல, கதை எங்கல?" "கதையா? அது நம்ம தாத்தா காலத்துலயே வந்துட்டுல. பூமி அழியும், கப்பல் கெளம்பும், எடம் பத்தாது, ஒரு கெழவி எறங்கிக்கிடும்." "அப்போ நாம எதுக்குல வந்தோம்?" "லைட்டு பாக்கத்தாம்ல." அவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கெழவி எறங்கிக்கிடும். இவ்வளவு லேசாக, பல்லிடுக்கில் சோளப்பொரியை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டான். அந்தக் கெழவியைத் திரையில் காட்டியாகிவிட்டது. கப்பலை ஓட்டப்போகிற வாலிபனுடைய அம்மா, வெள்ளைக்காரி, வெள்ளை முடி, ஆனால் தமிழில் பேசுகிறாள், வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது. "மகனே, உன் கண்களில் ஏதோ மறைக்கிறாய்" என்கிறாள். எந்த அம்மா இப்படிப் பேசுவாள்? நாங்கள் பேச மாட்டோம். நாங்கள் இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்போம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்து நான் அதைத்தான் கேட்டேன், இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுமாய்யா என்று. வைங்கம்மா என்றான். முள்ளெடுத்துச் சாப்பிட்டான். அவன் சொல்லுவான் என்று காத்திருந்தேன். சாயங்காலம் மகளுக்குப் போன் போட்டேன், சென்னையில் இருக்கிற எமிக்கு. "ஏ எமி, தம்பி எங்கயும் வெளியூர் போறானாட்டி?" என்று மெதுவாகத்தான் கேட்டேன். எந்த ஊருக்கும்மா என்று கேட்டிருந்தால் என் மனசு ஆறியிருக்கும். அவள் ஒரு மூச்சு விட்டுவிட்டு, "உங்களுக்கு யாரும்மா சொன்னா?" என்றாள். யார் சொன்னா. அப்போது அவளுக்கும் தெரியும். வயலட் அக்காவுக்குத் தெரியும், வீட்டுக்கூட்டத்தில் பாய் விரிக்கிறவளுக்குத் தெரியும், உமக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. "தம்பியே சொல்லட்டும்னு இருந்தோம்மா, நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க, அவன் பாவம், எப்படிச் சொல்லன்னு தெரியாம தவிக்கான்" என்றாள். அவன் பாவம். சரி, கேட்கவில்லை. ஒரு வாரமாகக் கேட்கவில்லை.

இடைவேளை. வெளிச்சம் வந்ததும் கொட்டகை சின்னதாகிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் அவன் முகம் சோர்ந்துபோய் இருக்கிறது, அவன் அப்பாவுடைய அதே நெற்றி, யோசனை வந்தால் நடுவில் ஒரு கோடு விழும். ஷீபா கையலம்பப் போய்விட்டாள். இப்போது சொல்லுவான். நான் வசதியாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன், கைப்பையை மடியிலிருந்து கீழே வைத்தேன், சொல்லுகிறவனுக்கு ஒரு இடம் வேண்டும் அல்லவா. "அம்மா" என்றான். "என்னய்யா." "ஏசி குளிருதாம்மா?" "கொஞ்சம் குளிருது." "காப்பி வாங்கிட்டு வரட்டா?" போய்விட்டான். வரிசையில் நின்று, காகிதக் கப்பில் காப்பியும் ஒரு வாளி நிறையச் சோளப்பொரியும் வாங்கி வந்தான். நான் வழி செய்துகொடுத்தேன், ஆண்டவரே, நீரே சாட்சி. "ரொம்பத் தூரமாய்யா அந்தக் கப்பல் போற எடம்?" என்று கேட்டேன். "ரொம்பத் தூரம்மா." "திரும்பி வருவாவளாமா?" அவன் காப்பி மூடியைத் திறக்கிற மாதிரி குனிந்துகொண்டான். "படம்தானம்மா" என்றான். பால் ஆறிப்போன காப்பி. உள்ளே இறங்கும்போது கசக்கிறது. குழந்தையாக இருந்தபோது பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துபோகும், நான் காதைத்தான் பார்ப்பேன். இப்போது தாடி வளர்த்து, முடி வளர்த்து, காதே தெரியவில்லை. ஷீபா வந்து உட்கார்ந்தாள். என் தோளில் அவளுடைய சால்வையைப் போர்த்திவிட்டாள். நல்ல பெண். கெட்ட பெண்ணாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கும், அவள்தான் பிரித்துக்கொண்டு போகிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி அழலாம்.

மறுபடி இருட்டு. மறுபடி அந்த மணல், வறண்ட குளம், கப்பலில் ஏறுகிற ஜனம், சாரை சாரையாக. ஷீபா ரூபனைத் தாண்டிக் குனிந்து என் காதில் சொல்லுகிறாள்: "அத்தை, இப்ப பாருங்க, தண்ணி வரும், பயந்துராதிய." நான் திரையைப் பார்க்கிறேன். தண்ணீர் இல்லை. மணல்தான். இன்னும் கொஞ்சம் மணல். அப்புறம் சத்தமில்லாமல் தூரத்தில் ஒரு நீலக்கோடு, அது எழும்புகிறது, எழும்பி மலையாக நிற்கிறது, கண்ணாடி மலை, அதற்குள்ளே மீனும் வீடும் வெளிச்சமும் சுழல்கிறது, கொட்டகை முழுக்க ஒரே மூச்சு. நான் பயப்படவில்லை. எனக்கு வேறு ஒன்று உறைக்கிறது. வருமுன்னே இவளுக்கு எப்படித் தெரியும்? "நீ பாத்துட்டியாட்டி?" என்று கேட்டேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ரூபன்தான் பதில் சொன்னான், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்: "போன வாரம் ரெண்டுபேரும் வந்தோம்மா. நீங்க பாக்கணும்னு தோணிச்சு, அதான்." நான் பார்க்கணும் என்று தோன்றியது. சினிமாவுக்கே வராத என்னை, கதை பழசானாலும் காட்சிக்காக வாங்கம்மா என்று கெஞ்சிக் கூட்டிவந்து, கப்பல் போகிறதையும் கெழவி இறங்கிக்கொள்கிறதையும் நான் பார்க்கணும். அவன் சொல்ல முடியாததை அந்த வெள்ளைக்காரி சொல்லுவாள், நான் கேட்டுப் பழகிக்கொள்ளணும். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இப்படித்தான் வசனம் சொல்லிக்கொடுப்பேன், முன்னால் நின்று வாயை மட்டும் அசைத்து அசைத்து. எனக்கு வசனம் சொல்லிக்கொடுக்கிறான், ஆண்டவரே. விசாவை மறைத்தது ஒரு குத்து என்றால் இது அதைவிட ஆழம். அந்தப் பிள்ளைகளுக்குத்தானே பெருவெள்ளத்தில் மிதந்த பேழையின் கதையையும் எத்தனையோ வருஷம் சொன்னேன், துணிப் பலகையில் படத்தை ஒட்டி ஒட்டி. இதுவும் அதே கதைதான், பின்வரிசைப் பையன் சொன்ன மாதிரி. இரண்டு ஒட்டகச்சிவிங்கி, இரண்டு புறா, மகன்மார், மருமகள்மார், எல்லாரும் உள்ளே. கடைசியில் கதவுப் படத்தை ஒட்டுவேன், பிள்ளைகள் கைதட்டும். அந்த மருமகள்மாருக்கும் அம்மா இருந்திருப்பாளே. கதவு சாத்தினபிறகு வெளியே அவள் எங்கே நின்றாள், முழங்கால்வரை தண்ணீர் வந்தபோது யார் பெயரைக் கூப்பிட்டாள்? ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கே இன்றைக்குத்தான் தோன்றுகிறது, காப்பி கசந்த வாயோடு. கதவை அடைத்தவர் நீர்தானே. அவளுக்கு ஒரு படம்கூட ஞாயிறு பள்ளிப் படப் பெட்டியில் இல்லை.

இதோ வந்துவிட்டது. கப்பலின் வாசல், தண்ணீர் மலை பின்னால் நெருங்குகிறது, உள்ளே இடம் இல்லையாம். வெள்ளை முடிக்காரி படியில் நிற்கிறாள். "அடுத்த கப்பல் வரும் அம்மா, அதில் வந்துவிடுங்கள்" என்கிறான் மகன். வராது. அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், சோளப்பொரி தின்கிற பையனுக்குத் தெரியும். "இப்ப சிரிச்சிக்கிட்டே போன்னு சொல்லும் பாரு" என்கிறான் அவன். அவள் சிரிக்கிறாள். அவளுடைய முகம் சுவர் உயரத்துக்கு வருகிறது, ஒவ்வொரு சுருக்கத்திலும் நீல வெளிச்சம் வழிகிறது, அவ்வளவு அழகாகக் காட்டுகிறார்கள், சாகப்போகிற ஒரு பொம்பளையை. "போ மகனே. நீ வாழ்ந்தால் நான் வாழ்ந்த மாதிரி." கொட்டகையில் மூக்குறிஞ்சுகிற சத்தம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வருகிறது. போகாதே என்று ஒரு தடவை சொல்லேன், என்ன கெட்டுப்போகும்? பயமாக இருக்கிறது என்று சொல்லேன். நீ ஏன் என்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை, உனக்காகப் பட்டினி கிடந்தேனே என்று கேளேன். கேட்க மாட்டாள். அவளுக்கு வேறு வசனம் யாரும் எழுதவே இல்லை. அந்த வசனம் என் தொண்டையிலும் தயாராக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயம். நீ நல்லா இருந்தாப் போதும்யா. பல்லுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, எச்சில் மாதிரி. பக்கத்தில் ரூபனுடைய கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடு பளபளக்கிறது. அழுகிறான். யாருக்காக அழுகிறான், அவளுக்காகவா எனக்காகவா? கையை நீட்டித் துடைத்துவிடவேண்டும்போல் இருக்கிறது, துடைக்கவில்லை. முதல்முறையாக, ஆண்டவரே, என் பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறேன்.

விளக்கெல்லாம் போட்டாகிவிட்டது. ஜனங்கள் கண்ணாடியைக் கூடையில் போட்டுவிட்டு, என்ன காட்சி என்ன காட்சி என்று பேசிக்கொண்டு இறங்குகிறார்கள். நாங்கள் எழும்பவில்லை. "படம் எப்படிம்மா இருந்துச்சு?" என்கிறான். "வெளிச்சம் ரொம்ப நல்லா இருந்துச்சுய்யா." "கதை?" "தெரிஞ்ச கதைதானே." அவன் நெற்றியில் அந்தக் கோடு விழுகிறது. ஷீபா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டிருக்கிறாள். ரூபன் கீழே பார்த்துக்கொண்டே சொல்லுகிறான்: "அம்மா, அந்தக் காரியம்... பாதி வாய்ச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் மட்டும் விடாம ஜெபம் பண்ணுங்க." இதற்கு என் வாய் பண்ணுதேன்யா என்றுதான் எப்போதும் சொல்லும். இந்தத் தடவை சொல்லவில்லை. "அதுக்குப் பேர் சொல்லு, ரூபன். பேர் சொல்லாத காரியத்துக்கு இனிமே நான் முழங்கால் போட மாட்டேன்." இவ்வளவு சத்தமாகச் சொன்னேனா? என் குரல்தானா? அவன் நிமிர்ந்து பார்க்கிறான், ஷீபாவைப் பார்க்கிறான், மறுபடி என்னை. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் வாயால் வரணும். வயலட் அக்கா வாயால் வந்தது போதாது, வெள்ளைக்காரி வாயால் வந்ததும் போதாது. துடைப்பத்தோடு ஒரு பெண் வந்து எங்கள் வரிசையின் ஓரத்தில் நிற்கிறாள். "எந்திரிங்கக்கா, அடுத்த ஷோவுக்குக் கூட்டணும், லேட்டாச்சின்னா என்னத்தான் ஏசுவாவ." "ஒரு நிமிசம் பொறும்மா, என் மவன் எனக்கு ஒண்ணு சொல்லணும்னு இருக்கான்" என்கிறேன். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சொல்லுங்க தம்பி சீக்கிரம்" என்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நிற்கிறாள். காலடியில் சிந்தின சோளப்பொரி வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிறது. ரூபன் கண்ணாடியைக் கழற்றுகிறான். முடியை ஒதுக்குகிறான், காது தெரிகிறது, சிவந்திருக்கிறது. வாயைத் திறக்கிறான். ஆண்டவரே, நான் பண்ணின ஜெபத்தை உம்மிடம் திருப்பிக் கேட்கவில்லை. அவன் சொல்லி முடிக்கிறவரைக்கும் போயிட்டு வாய்யா என்று நான் முந்திச் சொல்லிவிடாதபடிக்கு, என் வாயை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளும்.